இரண்டு கட்டம் தள்ளி

கிடங்கில் உணவு இடைவேளை வந்தால், போர் விளையாட்டுக்கான கட்டம் போட்ட பலகை மேஜைக்கு வந்துவிடும். மேலாளரின் படைவீரன் இன்றும் ஸ்டோர் கீப்பரின் பொம்மைக்குப் பின்னால்தான் பதுங்கியிருந்தான். எதிரே டிராகன். அதை ஆட்டிவைப்பவர் பில்லிங் அக்கா.

"நடுவுல கூட்டாளி நின்னா மறைப்பு. பின்னால இருக்கறவரை அடிக்கிறது கஷ்டம்" என்று அக்கா அலுத்துக்கொண்டார்.

"அதான் இவன் இருக்கானே, மதில் சுவர் மாதிரி!" என்று சிரித்த மேலாளர், ஸ்டோர் கீப்பரின் காதருகே குனிந்தார். "நேத்து சொன்னதுதான். ரேக் சரிஞ்சு லோடுமேன் கால் உடைஞ்சது உன் கவனக்குறைவாலன்னு விசாரணைக்கு எழுதிக் கொடுத்துடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஸ்டோர் கீப்பர் தன் பொம்மையை இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

"யோவ், அசையாதே! நான் மாட்டிக்குவேன்!"

"என் முறை சார். என் பொம்மை."

மறைப்பு இருக்கிறதா என்று பார்க்க, அக்கா டிராகனிலிருந்து வீரன்வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நடுவில் எதுவும் தட்டவில்லை. பகடை உருண்டது. வீரன் காலி.

"விளையாட்டுதானே, போகட்டும்" என்றார் மேலாளர், முகம் கடுகடுக்க. "கடிதம் என்னாச்சு?"

"காலையிலேயே விசாரணை அதிகாரிகிட்ட கொடுத்துட்டேன் சார்."

மேலாளருக்கு மூச்சு வந்தது. "நான் சொன்னபடிதானே எழுதினே?"

"நடந்தபடி எழுதினேன். ரேக் தாங்காதுன்னு சொன்ன பிறகும் பாரம் ஏத்தச் சொல்லி நீங்க அனுப்பின உத்தரவையும் சேர்த்துப் பின் பண்ணிட்டேன்."

வாசலில் பியூன் வந்து நின்றார். "சார், உங்களை விசாரணை அறைக்குக் கூப்பிடறாங்க."

ஸ்டோர் கீப்பர் நாற்காலியை நகர்த்தி, நன்றாக வழிவிட்டார்.