தொட்டுப் பார்த்துச் சொல்லணும்

"முதல்ல கையை எடுங்க!"

ஜவுளி ஷோரூமே திரும்பிப் பார்த்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நம்மவர் வாடிக்கையாளர் முன்னால் விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பட்டுத் துணியை, சூப்பர்வைசரம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"உங்க விரல் பட்டாலே நூல் இழுக்குது. பாருங்க!"

பார்த்தார். இழுத்துத்தான் இருந்தது. அவர் கையைச் சொல்லிக் குற்றமில்லை. சமீபம் வரை இரும்புக் கடையில் இருந்த கை. கம்பியைத் தொட்டால் எத்தனை எம்.எம். என்று இருட்டில்கூடச் சொல்லிவிடும். துணியைத் தொட்டால்தான் எல்லாம் சாக்காகவே தெரியும்.

இரும்புக் கடையை மூடிவிட்டார்கள். இந்த வேலையும் போனால் குடும்பத்தோடு மச்சினன் வீட்டு மாடிக்குப் போக வேண்டியதுதான். மச்சினன் சாப்பாடு போடுவான். கூடவே அறிவுரையும் போடுவான்.

வேலை நிலைக்க வேண்டுமானால் முதலாளி வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு மூன்று துணி கொடுப்பார்கள். தொட்டுப் பார்த்தே என்ன துணி என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி துண்டால் கண்ணைக் கட்டி, எதையோ கையில் கொடுத்தாள்.

"அசல் பட்டு!" என்றார்.

"கால்மிதிங்க," என்றாள் மனைவி. "என் தம்பிக்கு இப்பவே போன் பண்ணிடவா?"

பரீட்சை நாளும் வந்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"துணிகளை நீங்களே எடுத்துக் கொடுங்கம்மா. சரியா தப்பான்னும் நீங்களே சொல்லிடுங்க."

தொலைந்தோம் என்று நினைத்தார் நம்மவர். அந்த அம்மாவுக்குத்தான் அவரைக் கண்டாலே ஆகாதே.

கண்ணைக் கட்டினார்கள். முதல் துணி வழவழவென்று இருந்தது. அது அவருடைய வியர்வையாகவும் இருக்கலாம்.

"ப... பட்டு?"

"சரி," என்றார் சூப்பர்வைசரம்மா.

"இப்படிக் கொண்டாங்க அதை!" இது முதலாளியின் குரல். "ஆகா! கன்னத்துல வெச்சுப் பார்த்தா போதும், அசல் பட்டு தானாத் தெரிஞ்சிடும்!"

இரண்டாவது கொஞ்சம் கனமாக இருந்தது.

"கம்பளி."

"சரி."

"அதானே, என்ன கதகதப்பு!" என்றார் முதலாளி.

மூன்றாவதில் நம்மவருக்கு எதுவுமே பிடிபடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"பாலியஸ்டர்."

"சரி."

"சீ! இந்த மலிவுச் சரக்கையெல்லாம் யார் வாங்கி வெச்சது? தொட்டாலே உடம்பு அரிக்குது!" என்றார் முதலாளி.

கண் கட்டை அவிழ்த்ததும் முதலாளி கை குலுக்கினார். வேலை நிரந்தரம்!

நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு போன் போட்டு, "எனக்கு விரல் நுனியிலேயே கண்ணு இருக்குடி," என்றார். பக்கத்து கவுன்ட்டர் பெண்ணைக் கூப்பிட்டு, துணியை எப்படித் தொட வேண்டும் என்று வகுப்பே எடுத்தார். அவள் பாவம், கேட்டுக்கொண்டாள்.

பிறகு துணிகளை எடுத்து வைக்கப் போனார். கொடுத்த வரிசையிலேயே மூன்றும் மேசையில் கிடந்தன. மடிப்புக்குள் இருந்த, துணியின் வகை எழுதிய சீட்டுகள் அப்போதுதான் கண்ணில் பட்டன.

அவர் பட்டு என்றது பாலியஸ்டர். கம்பளி என்றது தடித்த பருத்தி. பாலியஸ்டர் என்றது அசல் பட்டு.

பேசாமல் மடித்து வைத்துவிடலாமா என்று தோன்றியது. மச்சினனின் முகம் வேறு வந்து போனது. ஆனால் நாளைக்கு ஒருவர் ஆசையாகப் பட்டு கேட்டு வந்தால், பாலியஸ்டரை அல்லவா தலையில் கட்டுவோம்? வெட்கமாக இருந்தது.

நேராக சூப்பர்வைசரம்மாவிடம் போனார்.

"மேடம், நான் சொன்னது மூணுமே தப்பு. நீங்க சரின்னுட்டீங்க. நான் முதலாளிகிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சும்மா இருங்க. விரல் பழக நாளாகும். அதுவரைக்கும் உங்க வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா? தினமும் என் பக்கத்துல நின்னு கத்துக்கோங்க."

நம்மவர் கைகூப்பினார். இந்த அம்மாவைப் பற்றி வீட்டில் என்னென்னவெல்லாம் பேசியிருந்தார்!

"ஆனா மேடம், முதலாளியும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே?"

சூப்பர்வைசரம்மா பட்டை நிதானமாக மடித்து அலமாரியில் வைத்தார்.

"இந்தக் கடையில துணி தெரியாதவங்க ரெண்டு பேர். அதை ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்."