கூடத்துப் பலகை

கறை போகவில்லை.

உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்தாள். மர ரேகை ஓடும் பக்கமாகவே தேய்த்தாள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

சுற்றிலும் பலகைகள் வெளுத்துக் கிடந்தன. தேக்கு. இத்தனை வருட அழுக்குக்கு அடியில் தேன் நிறத்தில் இருந்திருக்கிறது.

நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டின் அளவு.

சூடான பாத்திரத்தை யாரோ இறக்கி வைத்திருக்க வேண்டும்.

யாரோ இல்லை. மூத்தாள்தான்.

கோத்தகிரிக் குளிருக்குப் பலகைத் தரை போட்ட பழைய வீடு. இரண்டாம் தாரமாக அவள் வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. வந்தபோது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அரிசிப் பானை. உப்பு ஜாடி. கண்ணாடி மாட்டிய ஆணி, அவள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே. எதையும் மாற்றாதே என்று அவன் சொன்னதில்லை. மாற்றிக்கொள் என்றும் சொன்னதில்லை.

அவள் கை பட்டது என்று வீட்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

தரையை நானே தேய்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"ஏன், தரை உன்னயக் கடிக்குதா?" என்றான். பிறகு, "முதுகு போயிரும், பாத்துக்க."

கூடத்து லினோலியம் விரிப்பைச் சுருட்டியபோதுதான் வட்டம் தெரிந்தது.

விரிப்பின் மேல் அவன் நடப்பது நினைவுக்கு வந்தது. வாசலிலிருந்து சமையலறைக்கு நேர்வழி. அவன் நேராக வந்ததே இல்லை. பாதிக் கூடத்தில் விலகி, சுவரோரம் நடந்து, மறுபடி நடுவுக்கு வருவான். அந்த இடத்தில் பலகை ஆடுகிறதாக்கும் என்று நினைத்திருந்தாள்.

ஏறி நின்று பார்த்தாள். ஆடவில்லை.

மறுபடி தேய்த்தாள். தூள் உதிரவில்லை. பிசுபிசுவென்று உப்புத்தாளில் அப்பியது. முகர்ந்து பார்த்தாள்.

எண்ணெய்.

ஒரு சொட்டு வார்னிஷ் தொட்டு வைத்தாள். சேம்பிலைத் தண்ணீர் போலத் திரண்டு விலகியது.

துடைத்தாள். சொரசொரப்பான தாளை எடுத்தாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். மூச்சு வாங்கியது. பலகை அந்த இடத்தில் குழிந்தது. ஆணித் தலை ஒன்று பளபளத்தது.

வட்டம் கறுப்பிலிருந்து பழுப்பானது. அதற்கு மேல் அசையவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்தான். வாசற்படியிலேயே நின்றான். அவள் எந்த இடத்தில் மண்டியிட்டிருக்கிறாள் என்று பார்த்தான்.

"செண்பகத்துக்கு அங்கதான் விளக்கு வச்சோம்."

அந்தப் பெயரை அவன் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தலைமாட்டுல. காரியம் முடியிற வரைக்கும் அணையக் கூடாதுன்னாங்க. ஊத்திக்கிட்டே இருந்தேன். மண் விளக்கு, அடியில கசிஞ்சிருக்கு. ஒரு தட்டு வைக்கணும்னு தோணல. விரிப்பு அப்புறந்தான் போட்டேன்."

அவள் கையை எடுத்தாள்.

"தேய்ச்சிரு," என்றான். "இனி எதுக்கு அது."

சுவரோரமாக நடந்து கை கழுவப் போனான்.

அவன் வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை எரிந்தது. நகத்தடியில் கறுப்பு.

அந்த ஒரு பலகையைப் பெயர்த்துவிட்டு வேறு போடலாம். தச்சரைக் கூப்பிட்டால் முடிந்தது. அவனே இனி எதுக்கு என்று சொல்லிவிட்டான்.

புதுப் பலகை போட்டாலும் அவன் சுவரோரமாகத்தான் நடப்பான்.

வார்னிஷ் டப்பாவின் மூடியைச் சுத்தியலால் தட்டி மூடினாள்.

புதுச் சப்பாத்திக் கட்டை வாங்கினால் எண்ணெய் தடவி ஊறவிடுவது அவள் வழக்கம். ஊற ஊறக் கட்டை கறுக்கும்.

மறுநாள் பெயிண்ட் கடையில் மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் வாங்கி வந்தாள். பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்தாள். அவளுடைய சேலைதான்.

துணியை முக்கித் தேய்த்தாள். ஒரு பலகை. அடுத்த பலகை. தேன் நிறம் சிவந்து இருண்டது. மிச்சத்தைத் துடைத்தாள். ஊறவிட்டாள். காய்ந்ததும் மறுபடி.

காய்கிற நாட்களில் இருவரும் பின்வாசலில் புழங்கினார்கள். கூடத்துக் கதவு சாத்தியே இருந்தது.

ஒவ்வொரு பூச்சுக்கும் தரையின் நிறம் வட்டத்தின் நிறத்தை நெருங்கியது. விளிம்பு மங்கியது. அப்புறம் விளிம்பைத் தேட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முன்வாசலைத் திறந்து வைத்தாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்றான். வெயில் சுவர் வரை நீண்டு கிடந்தது. கூடம் முழுக்க ஒரே நிறம்.

ஒரு காலைத் தூக்கினான். வைக்கவில்லை. கண்கள் தரையில் அலைந்தன.

சமையலறையிலிருந்து அவள் சோற்றுப் பானையோடு வந்தாள். பாதிக் கூடத்தில் விலகினாள். சுவரோரம் நடந்தாள். மறுபடி நடுவுக்கு வந்து, பிரிமணை போட்டு, பானையை இறக்கினாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு உள்ளே வந்தான். நேராக.

பாதி வழியில் பாதம் எதையோ கண்டது. நின்றான். கால் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தான்.

"குழியா இருக்கே."

"அது நான் தேய்ச்சது," என்றாள்.