மரகதம்_17

டப்பிங் கலைஞர் மரகதம் இறந்து ஒரு மாதம் கழித்து, அவள் கணவர் ஞானசேகர் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவளுடைய குரல் ஏதாவது வேண்டும் என்றார். ஒலிப்பதிவாளர் எட்வின் அவள் கடைசியாகப் பேசிய படத்தின் கோப்பைத் திறந்தான். அவள் குரல் பதிவாகும் டிராக்கிற்கு அவள் பெயரை இட்டிருந்ததால், பதிவான ஒவ்வொரு துண்டுக்கும் மென்பொருளே அந்தப் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து வைத்திருந்தது. மரகதம்_01, மரகதம்_02 என்று திரை முழுக்க அவள்.

ஒவ்வொன்றாக ஓடவிட்டான். கதாநாயகி கோபப்பட்டாள், கெஞ்சினாள், ரயில் நிலையத்தில் அழுதாள். ஞானசேகர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"இதெல்லாம் படத்துல வர்ற பொண்ணு பேசுறது தம்பி. அவ வீட்ல இப்படிப் பேச மாட்டா."

பிறகு திரையை விரலால் தொட்டார். "பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு இருக்கு. பதினேழு எங்க?"

"அது கெட்டுப்போன டேக் சார். அப்பவே அழிச்சிட்டேன். அழிச்சாலும் சாஃப்ட்வேர் அந்த நம்பரை வேற எதுக்கும் வைக்காது."

"என்ன தப்பாப் பேசினா?"

"பேசல சார். வசனத்துக்கு நடுவுல சிரிச்சிட்டாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க."

ஞானசேகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எதுக்குச் சிரிச்சா?"

எட்வினுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பதினாறாவது துண்டையே மறுபடி ஓடவிட்டான். வசனம் முடிந்த பிறகும் ஒரு நொடி மிச்சம் இருந்தது. அந்த நொடியில் யாரோ மெல்ல மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"இது அவ" என்றார் ஞானசேகர்.