எட்டாவது கோட்டுக்கு அப்பால்

உடையார்பாளையத்தில், ஆண்டவர் என்பவரின் வீட்டு வாசலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மண்தரையில் முழத்துக்கு ஒன்றாக எட்டுச் சுண்ணாம்புக் கோடுகளை அவர் குறுக்கே போட்டிருக்கிறார். நடுக்குவாதம் வந்த அவர் மனைவி கலியம்மாளுக்குத் திருச்சி டாக்டர் சொல்லியனுப்பிய நடைப்பயிற்சி இது. வெறுந்தரையில் ஆணி அடித்தாற்போல் ஒட்டிக்கொள்ளும் பாதங்கள் கோட்டைக் கண்டதும் எழும்பித் தாண்டுகின்றன. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. வலது கையின் நடுக்கத்தில் வளையல்கள் ஓயாமல் கிணுகிணுக்கின்றன. எட்டாவது கோட்டைத் தாண்டியதும் கால் நின்றுவிடுகிறது. நிலைப்படிக்கு இன்னும் நான்கடி இருக்கிறது. டப்பாவில் சுண்ணாம்புத் தூள் இல்லை. ஆண்டவர் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து காலைக் குறுக்கே நீட்டுகிறார். "இதத் தாண்டு." அவள் மிரண்டுபோய்ப் பார்க்கிறாள். "என்னங்க இது, உங்க காலப் போயி நான் தாண்டுறதா?" "கோடுன்னு நெனச்சுக்க," என்கிறார். கட்டி வந்த நாளிலிருந்து அவர் தூங்கும்போதுகூடக் காலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனவள் அவள். மாட்டேன் என்று வாயெடுப்பதற்குள் வலது கால் எழும்பி, அவர் முழங்காலுக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் ஊன்றிவிடுகிறது. இடது காலும் பின்னாலேயே வந்துவிடுகிறது. யாருடைய கால்களோ போல அவற்றைக் குனிந்து பார்க்கிறாள். அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நீண்ட கை பாதியில் நின்று நடுங்குகிறது. ஆண்டவர் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து, மறுபடியும் காலை நீட்டுகிறார். மன்னிச்சுக்குங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறக்கிறாள். "இன்னுங் கொஞ்சம் தள்ளி நீட்டுங்க," என்கிறது வாய்.