நாலாம் நாள் சாயங்காலம்

“இந்த எடத்துல நீ கோழிக்கூடு கட்டினா, நான் எங்கய்யா குளிக்கறது?”

கண்ணம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள். பருத்திப்பட்டில் சொந்த வீடு கட்டிக் குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. குளியலறைக்கென்று பின்பக்கம் விட்டுவைத்த மூலையில் அவள் கணவன் கஜபதி இஞ்ச் டேப்பை நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தான்.

“காலை வெயில் விழற எடம் இது ஒண்ணுதான் கண்ணம்மா. கோழிக்கு அது முக்கியம். உனக்குதான் ஓலைத் தட்டி கீதே, இன்னும் கொஞ்ச நாள் அதுல குளியேன்.”

“அந்தத் தட்டி காத்துல ஆடுது. ஒவ்வொரு நாளும் உசிரக் கையில புடிச்சுக்கினு குளிக்கறேன். பொம்பள கஷ்டம் உனக்கு எங்க தெரியும்?”

அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கஜபதி கொஞ்சம் இறங்கி வந்தான்.

“சரி, அழாத. கோழிங்கள மூணு நாள் கூட்டுலயே அடைச்சு வெப்பேன். நாலாம் நாள் சாயங்காலம் தொறந்து உடுவேன். பொழுது போனா அதுங்களே உள்ள வந்து அடையணும். ஒண்ணு வரலன்னாலும் கூட்டைப் பிரிச்சுட்டு உனக்கு பாத்ரூம். போதுமா?”

“பேச்சு மாற மாட்டியே?”

“கஜபதி பேசினா பேசினதுதான்.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனுக்கு பிட்டர் வேலை. அளவெடுத்து ஒரு பொருளைச் செய்வதில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது அவன் எண்ணம். ஒரே வாரத்தில் கூடு எழும்பி நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் வேம்புலியம்மாள் வீடு. முப்பது வருஷமாக அங்கேயே இருப்பவள். அவள் சுவரோரம் மண்ணால் கட்டிய பழைய கூடு ஒன்று காலியாகக் கிடந்தது. அவள் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னா நைனா, இது கோழிக்கா, கலெக்டருக்கா?”

“யக்கா, எண்பத்தஞ்சு மழைல ஏரித் தண்ணி இதுவரிக்கும் வந்துச்சாமே? அதான் ரெண்டடி கால் வெச்சு ஒசத்திட்டேன். ஒரு கோழிக்கு ரெண்டு சதுர அடி, பத்துக்கு இருபது. ஏறி ஒக்கார குறுக்குக் கொம்பு. ரெண்டு பக்கமும் கம்பி வலை, காத்து போவும், கீரி பூராது. உன் கூடு மாதிரியா? குனிஞ்சு பாத்தா ஒரே இருட்டு. அதான் ஒண்ணுகூட தங்கல.”

வேம்புலியம்மாளின் முகம் சுருங்கிப்போனது.

“எடம் அளந்து போட்டா ஆச்சா? தன் ஊடுன்னு அதுக்குத் தோணணும் நைனா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

“பாத்தியா, அக்காவுக்குப் பொறாமை!” என்று கஜபதி பெண்டாட்டியிடம் மார்தட்டிக்கொண்டான்.

மறுநாள் வேலை விட்டதும் நேரே பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அங்கே ஒரு ஆளிடம் பத்து நாட்டுக்கோழிகளைக் கூடையோடு வாங்கி, துணி போட்டு மூடிக் கொண்டுவந்து அடைத்தான். கூட்டைச் சுற்றிலும் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டான்.

“காத்துக்குன்னு வலை அடிச்சுட்டு, அதும் மேலயே சாக்கு கட்டறியே, உனக்கு கிறுக்கா புடிச்சுக்கீது?”

“மேல சந்து உட்டுக்கீறேன். பக்கத்து ஊட்டு அக்கா கண்ணு சும்மா இருக்குமா? பழகற வரிக்கும் யார் கண்ணும் படக் கூடாது.”

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. வேம்புலியம்மாள் மத்தியானமே திருவேற்காடு கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கஜபதிக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. அரை நாள் லீவு போட்டு வந்தவன், ஐந்து மணிக்கு சாக்கை அவிழ்த்துக் கதவைத் திறந்துவிட்டான். கோழிகள் இறங்கின, மண்ணைக் கிளறின, தண்ணீர் குடித்தன. அவன் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

வெளிச்சம் மங்கியது. சிவப்புக் கோழி ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. மெல்ல கூட்டை நோக்கி நடந்தது.

“வருது பாரு, வருது பாரு!”

வந்த கோழி கூட்டுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியேறி, வேலிச் சந்தில் நுழைந்தது. பின்னாலேயே மற்ற ஒன்பதும் போயின. வேம்புலியம்மாளின் மண்கூட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி அடங்கிவிட்டன.

கண்ணம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஒண்ணு வரலன்னாலும்னு சொன்ன. பத்தும் வரல!”

“அந்த அக்கா இன்னாமோ பண்ணி வெச்சுக்கீது. வரட்டும், உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்.”

நெற்றி நிறையக் குங்குமத்தோடு வேம்புலியம்மாள் வந்ததும் கஜபதி வேலிக்கு ஓடினான். “யக்கா, உன் கூட்டுல என் கோழிங்க பூந்துடுச்சு. மருவாதியா புடிச்சுக் குடு!”

அவள் கூட்டுக்கு முன்னால் குனிந்து பார்த்தாள். கையிலிருந்த குங்குமப் பொட்டலம் கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடி செவலை! கருப்பி! நொண்டி, நீயுமாடி!” ஒரு கோழியை வாரியெடுத்து அதன் காலைத் தூக்கிக் காட்டினாள். “பாரு நைனா, எடது கால் சின்ன நகம், அடையாளத்துக்கு எல்லாத்துக்கும் நான் வெட்டி உட்டது. நீ குடிவர்றதுக்கு முந்தின வாரம் எவனோ திருட்டுப்பய என் பத்தையும் என் கூடையிலயே போட்டுத் தூக்கினு பூட்டான். இன்னிக்குத்தான் ஆத்தாகிட்ட அழுதுட்டு வரேன். நான் பஸ்ஸ உட்டு எறங்கறதுக்குள்ள ஊட்டுக்கு அனுப்பி வெச்சுட்டா!”

கண்ணம்மா உள்ளே போய்ப் பூந்தமல்லிக் கூடையை எடுத்துவந்து, வேலிக்கு மேலாக வேம்புலியம்மாளிடம் கொடுத்தாள். பிறகு இஞ்ச் டேப்பை எடுத்துப் புருஷன் கையில் திணித்தாள்.

“யோவ், அளவு எடு. பத்து கோழிக்குன்னு குடுத்தியே இருபது சதுர அடி, எனக்கும் அதுவே போதும்.”