பழுப்பேற்றிய படம்

"இன்னும் கொஞ்சம் பழுப்பாக்குங்கோ தங்கச்சி. எட்டு வருசத்துக்கு முந்திச் செத்த ஆளின்ர படம் மாதிரி இருக்கோணும்."

வவுனியா ஸ்டூடியோவில் கொம்பியூட்டர் முன்னால் இருந்த நிரோஜா திரும்பிப் பார்த்தாள். முல்லைத்தீவில் கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை என்று சொல்லித்தான் புனிதம் அக்கா அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்திருந்தார்.

"நல்ல தெளிவான முகம் அக்கா. பழசாக்கினால் மங்கிப்போகும்."

"மங்கட்டும்."

நிரோஜா கறுப்பைக் குறைத்துத் தேத்தண்ணிச் சாயம் போன்ற நிறத்தை ஏற்றினாள். ஓரங்களில் கறையும் வைத்தாள். இவ்வளவு துக்கத்தை இந்த மனுசி எப்படித்தான் தாங்குகிறாவோ என்று நினைத்துக்கொண்டாள்.

சட்டம் போட்ட படத்தை எடுக்க அக்கா வரவில்லை. அவருடைய பகுதியில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றார்கள். மறுநாள் நிரோஜாவே சைக்கிளில் கொண்டுபோனாள். கதவைத் தட்டியும் சத்தமில்லை. வீட்டின் பின்பக்கம் போனவள் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே, படத்தில் இருந்தவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இவரைத் தேடி ஆமிக்காரர் போன கிழமையும் வந்தவை தங்கச்சி. செத்திட்டார் எண்டு சொன்னன். அப்ப எங்கை படம் எண்டு கேட்டவை. திரும்பவும் வருவினம்."

நிரோஜா முன்னறைக்குப் போய்ச் சுவரில் ஆணி தேடிப் படத்தை மாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மெழுகுதிரி இருக்கோ அக்கா?"