விட்டுப்போன ஷட்டர்

காலையிலிருந்து ஹெட்போனும் மைக்குமாக மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த அபினுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு இரும்புச் சத்தம்கூடச் சிக்கவில்லை.

இராயபுரத்தில் இரும்புச் சத்தத்துக்குப் பஞ்சம் என்றால் யாராவது நம்புவார்களா? எதிரே வெல்டிங் பட்டறை. நாலு கடை தள்ளி ஐஸ் உடைக்கும் மிஷின். கீழே அவன் அப்பா ஞானதுரையின் கடையில் படகுக்கு வேண்டிய சங்கிலியும் கொக்கியும் கம்பி வடமும். இன்றைக்குப் பார்த்து எல்லாம் விரதம் இருந்தன.

வடபழனி ஸ்டுடியோவில் கேட்டது ஒரே ஒரு சத்தம். பாட்டின் தாளத்தில் சேர்க்க வேண்டும். இரும்பு மட்டும் பேச வேண்டும், மனுஷக் குரல் ஒரு பொட்டுக்கூட வரக் கூடாது. இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால் அங்கே உதவியாளர் வேலை.

இல்லையென்றால், கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருக்கும் அப்பா திரும்பி வந்ததும் கல்லாவில் உட்கார்ந்துவிட வேண்டும். அப்படித்தான் பேச்சு. கடைசி வரைக்கும் சங்கிலி அளந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எந்த நேரத்தில் ஒப்புக்கொண்டானோ.

ஒரு வாரமாக அவன் அலையாத இடமில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் காற்று மைக்கைத் தின்றுவிட்டது. திருவொற்றியூரில் கன்டெய்னர் தரையில் இறங்கிய அதே நொடியில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துப் பாட்டுப் பாடியது. மணலியில் வாட்ச்மேன் துரத்தினார்.

சொந்த மாடியே கதி என்று வந்தால், கெங்கம்மா.

கடை வாசலில் தகரக் கூரைக்கு அடியில் மீன் விற்பவள். தொண்டையா அது, ஆலைச் சங்கு. சங்கிலி விழும் சத்தத்தின் நடுவில் வஞ்சிரம், வவ்வாலு என்று கூவுவாள். சம்மட்டி அடிக்கும் சத்தத்தின் நடுவில் யாரையாவது வைவாள். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் ஸ்டுடியோவிலிருந்து ஒரே பதில்தான் வந்தது. சத்தம் பிரமாதம், யாருப்பா அந்தம்மா?

நேற்று சாயங்காலம் பொறுமை போய் அவளிடம் கத்தியே விட்டான். நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா என்று கேட்டான். தெருவே திரும்பிப் பார்த்தது.

கெங்கம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"சரி நைனா, நாளிக்கு வாயே தொறக்க மாட்டேன். இன்னா சத்தம் வேணுமோ புட்ச்சிக்கோ."

சொன்னபடியே செய்துவிட்டாள். இன்று அவள் வருவதற்கு முன்பே கடையைத் திறந்து வைத்துவிட்டு அவன் மாடியேறிவிட்டான். மேலிருந்து பார்த்தால் தகரம்தான் தெரியும், அடியில் இருக்கும் ஆள் தெரியாது. ஆனால் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம் என்று அபினுக்கே உறுத்தியது. வேலை முடிந்ததும் கெங்கம்மா அக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கே முடிந்தது வேலை? அவள் வாயை மூடினால் கூடவே இரும்பும் வாயை மூடிக்கொண்டது. வெல்டிங் பட்டறை பூட்டிக் கிடந்தது. ஐஸ் மிஷின் ஓடவில்லை. சங்கிலி கேட்டுக்கூட ஒருத்தன் வரவில்லை. எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்கள்?

வெயில் சாயத் தொடங்கியபோது, தெருமுனையில் ஒரு ஷட்டர் சர்ரென்று இறங்கியது.

அடுத்து இன்னொன்று.

சாவு ஊர்வலம். பிணம் தாண்டிப் போகும்வரை இந்தத் தெருக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பது வழக்கம். யாரோ பாவம். மேளம் இன்னும் தூரத்தில்தான் கேட்டது. அது கிட்டே வருவதற்குள் ஷட்டர்கள் முந்திக்கொண்டு வந்தன.

அபின் மைக்கை அந்தப் பக்கம் திருப்பினான்.

சர்ர், டப். துணிக்கடை. சர்ர், டப். மருந்துக்கடை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி. ஒன்று கிறீச்சிட்டது, ஒன்று உறுமியது. வரிசை பிசகாமல், இடைவெளி பிசகாமல், அவனை நோக்கி வந்துகொண்டே இருந்தன. பேச்சு இல்லை, கூவல் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இதுதான், இதேதான்.

அவனுக்கு நேர் கீழே வந்தபோது தாளம் விழவில்லை.

அந்தப் பக்கத்துக் கடையிலிருந்து மறுபடி தொடர்ந்தது. நடுவில் ஒரே ஒரு ஓட்டை.

எந்தப் பரதேசி ஷட்டரைப் போடாமல் விட்டான்? அபின் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, திட்டுவதற்காகவே கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தான். ஊர்வலத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்த வெல்டிங் பட்டறை தேசப்பன் அண்ணாந்து பார்த்தார்.

"அபினு, அல்லாரும் போட்டாங்கோ. உன் கட ஒண்ணுதான் தொறந்துகினு கீது."

படிகளில் தாவி இறங்கினான். வாசலுக்கு வருவதற்குள் மேளம் வந்துவிட்டது. வந்ததும் நின்றது. வேறு எந்தக் கடை முன்னாலும் நிற்காத பூ வண்டி அவன் கடை முன்னால் வந்து நின்றது.

தகரக் கூரைக்கு அடியில் மீன் பலகை, நேற்றுக் கழுவிச் சாய்த்து வைத்தபடியே காய்ந்து கிடந்தது.

அபின் எக்கிப் பிடித்து ஷட்டரை இழுத்தான். அது தெருவுக்கே கேட்கும்படி அலறிக்கொண்டு இறங்கிப் பாதியில் நின்றது. மாடியில் ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு குரலும் இல்லாமல் அந்தச் சத்தம் சுத்தமாகப் பதிவாகியிருக்கும்.

வண்டியில், பூவுக்கு நடுவில், கெங்கம்மாவின் வாயைத் தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.